ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்கறவங்க முதல்ல கொக்கியைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல வீட்டுலயே கார் பராமரிப்புன்னு ஒரு பக்கம் வந்துச்சு. ஏர் ஃபில்டர் தட்டறது, வைப்பர் பிளேடு மாத்தறது, பேட்டரி டெர்மினல்ல பூத்திருக்கற வெள்ளையைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவறது எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா கடைசி பாராவுல முன் ஷாக்கப்சர் மாத்தறதைச் சொல்லும்போது, ஸ்பிரிங் கம்ப்ரஸர்ங்கற அமுக்கற டூலைப் போட்டு ஸ்பிரிங்கை அமுக்கிட்டு மேல் நட்டைக் கழட்டணும்னு ஒத்தை வரியில முடிச்சுட்டீங்க. எந்த கம்ப்ரஸர், எப்படி இருக்கணும், எங்க மாட்டணும், ஒண்ணுமே இல்லை. வைப்பர் பிளேடு மாத்தற ஆளு அதே தைரியத்துல அடுத்த பாராவுக்கும் இறங்கிட்டான்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், ஏன்னா எங்க வீட்டு போர்ட்டிகோவுலயே அது நடந்துச்சு, அதான் எழுதறேன்.

நான் கோயம்புத்தூர்ல ஒரு மில் மெஷினரி கம்பெனில 31 வருஷம் லேத்துல இரும்பு கடையற டர்னரா இருந்து ரிட்டயர் ஆனவன். கார் மெக்கானிக் கிடையாது. ஆனா மரை வெட்டறது, இரும்பு எங்க வளையும் எங்க ஒடியும்ங்கறது ஓரளவுக்குத் தெரியும்.

நம்ம ஊர்ல ஓடற சின்ன கார்ல பெரும்பாலும் முன் பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டுதான். ஷாக்கும் அதைச் சுத்தி ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே உருப்படியா நிக்கும். அம்பாசிடர் காலத்துல முன்னாடி டார்ஷன் பார்ங்கற முறுக்குத் தண்டு, பின்னாடி பட்டை ஸ்பிரிங், இந்தத் தொல்லையே இல்லை. 1983 கடைசில மாருதி 800 வந்த பிறகுதான் தெருவுக்குத் தெரு பட்டறைல இந்த ஸ்ட்ரட்டைப் பிரிச்சுப் பழகினாங்க. இதுல விஷயம் என்னன்னா, வண்டியை ஜாக்கில தூக்கி சக்கரம் அந்தரத்துல தொங்கினாலும் ஸ்பிரிங் முழுசா விரியாது, மேல இருக்கற தட்டும் நடு நட்டும் அதை அமுக்கியே பிடிச்சிருக்கும். ஸ்ட்ரட்டைக் கழட்டிக் கீழ வெச்சா பாக்கறதுக்கு சும்மா படுத்துக் கிடக்கற மாதிரி இருக்கும், உள்ள அழுத்தம் அப்படியே இருக்கும்.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன். ஒரு மில்லிமீட்டர் அமுக்க ரெண்டு கிலோ கேக்கற ஸ்பிரிங்னு வெச்சுக்குங்க, சின்ன காருக்கு இது நடப்புல இருக்கற அளவுதான். அதை 15 சென்டி அமுக்கினா 300 கிலோ. அஞ்சு ஆள் ஏறி நிக்கற வெயிட்டு. அது ஒரேயடியா விட்டுச்சுன்னா வெளிய வர்ற சக்தி, 25 கிலோ அரிசி சிப்பத்தை இடுப்பு உயரத்துல இருந்து போடறதுக்குச் சமம். அவ்வளவுதானான்னு தோணும், ஆனா சிப்பம் மெதுவா தொப்புன்னு விழும், ஸ்பிரிங் ரெண்டரை கிலோ இரும்பு, அதே சக்தியை வாங்கிட்டு எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாத வேகத்துல போகும், கூடவே மேல் தட்டும் பறக்கும்.

எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். மாப்பிள்ளைகிட்ட ஒரு பழைய ஆல்டோ இருக்கு, முன் இடது ஷாக்குல ஆயில் ஒழுகிடுச்சு, ஸ்பீடு பிரேக்கர்ல டொக்கு டொக்குன்னு சத்தம். பட்டறைல கேட்ட கூலி ஜாஸ்தின்னு அவரே ஆன்லைன்ல 1,200 ரூபாய்க்கு ஒரு ஜோடி கம்ப்ரஸர் வரவழைச்சார். ரெண்டு மரைத்தண்டு, ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு ஜோடிக் கொக்கி கீழ ஒரு ஜோடிக் கொக்கி, அவ்வளவுதான். டப்பாவுல 1 டன்னு போட்டிருந்துச்சு, அது ஒரு தண்டுக்கா ரெண்டுக்கும் சேர்த்தா, யாருக்குத் தெரியும். ஒரு துண்டு சீட்டுகூட உள்ள இல்லை.

"மாமா, நீங்க டீ குடிச்சுட்டு வாங்க, நான் அதுக்குள்ள அமுக்கி வெச்சிடறேன்"ன்னார். நான் உள்ள போய் டம்ளரைக் கையில வாங்கறேன், வெளிய டமால்னு சத்தம். ஓடி வந்து பார்த்தா மனுசன் சுவத்தோட ஒட்டி நிக்கறார், முகத்துல ரத்தமே இல்லை. ஸ்ட்ரட்டு போர்ட்டிகோவோட இந்தக் கோடியில, கம்ப்ரஸர் தண்டு ஒண்ணு அந்தக் கோடியில, கேட்டோட கீழ்த் தகட்டுல கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. நல்ல வேளை நடு நட்டைக் கழட்ட ஆரம்பிக்கலை, அதனால ஸ்பிரிங் ஸ்ட்ரட்டை விட்டு வரலை, கம்ப்ரஸர் மட்டும்தான் பறந்துச்சு. நட்டைக் கழட்டினதுக்கப்புறம் நழுவியிருந்தா இந்த லெட்டரை நான் வேற மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

அப்புறம் ரெண்டு நாள் அந்தக் கம்ப்ரஸரை வெச்சுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், வேற வேலை என்ன இருக்கு எனக்கு. எல்லாரும் தண்டு அறுந்துரும்னுதான் பயப்படறாங்க, உண்மையில இழுவைக்கு தண்டு அறுந்து போறது ரொம்ப அபூர்வம், அந்த கனத்துத் தண்டு டன் கணக்குல தாங்கும். பிரச்சனை கொக்கி. அந்தக் கொக்கியோட வாய் 16 மில்லி கம்பிக்குப் போட்டது, வெர்னியர் அளவுகோல் வெச்சுப் பார்த்தா எங்க ஸ்பிரிங் கம்பி 11 மில்லிகூட வரலை. வாய்க்குள்ள கம்பி லொட லொடன்னு ஆடுது. அதுக்கு மேல, ஷாக் ஒழுகினதாலதானே இந்த வேலையே, ஒழுகின ஆயில் பூராவும் ஸ்பிரிங் மேல, புழுதியோட சேர்ந்து மை மாதிரி ஒட்டியிருக்கு, மாப்பிள்ளை துடைக்காமலே கொக்கியை மாட்டிட்டார். ஸ்பிரிங் சுருள் சரிவா ஏறிப் போற விஷயம், அமுக்க அமுக்க கொக்கி அந்தச் சரிவுல வழுக்கி நகரும். எதிரும் புதிருமா மாட்டின ரெண்டு தண்டும் கொஞ்சம் கொஞ்சமா ஒரே பக்கம் வந்துடுச்சு, இன்னொரு பக்கம் ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளைஞ்சு வெளிய தள்ளிடுச்சு, அதுக்கப்புறம் எந்தக் கொக்கி நிக்கும்.

அதனால கடைக்குப் போனா டப்பா மேல இருக்கற டன்னைப் பாக்காதீங்க, கொக்கியைப் பாருங்க. கம்பியைச் சுத்திப் பிடிச்ச பிறகு வெளிய வர முடியாதபடி குறுக்க ஒரு பூட்டு பின் இருக்கான்னு பாருங்க. பின் இல்லாத கொக்கி என்ன விலையானாலும் வேண்டாம், சும்மா குடுத்தாலும் வேண்டாம். ரெண்டாவது, உங்க ஸ்பிரிங் கம்பி எத்தனை மில்லின்னு அளந்துட்டுப் போங்க. பெரிய வண்டிக்குப் போட்டது சின்ன வண்டிக்கு இன்னும் ஸ்டிராங்கா இருக்கும்னு நினைக்கறது தப்பு, அது ஆடும், ஆடினா வழுக்கும். சுருளுக்கு நடுவுல இடைவெளி கம்மியா இருக்கற ஸ்பிரிங்ல தடிச்ச கொக்கி உள்ளயே நுழையாது, நுனியில மட்டும் தொத்திக்கிட்டு நிக்கும், அது இன்னும் ஆபத்து.

கொக்கி உருக்கி அச்சுல ஊத்தின வார்ப்பா, காய்ச்சி அடிச்ச ஃபோர்ஜிங்கான்னும் பாருங்க. ஓரத்துல மெல்லிசா நூல் மாதிரி ஒரு கோடு ஓடி, மேல்புறம் மணல் மணலா இருந்தா பெரும்பாலும் வார்ப்பு. பட்டையா ஒரு கோடு, அதை வெட்டி எடுத்த தடம் தெரிஞ்சா ஃபோர்ஜிங். எங்க ஊர் ஃபவுண்டரிக்காரங்க கோவிச்சுக்க வேண்டாம், வார்ப்புல நல்லதும் இருக்கு, ஆனா மட்டமான வார்ப்பு சொல்லாம கொள்ளாம படக்குன்னு ஒடியும், ஃபோர்ஜிங் முதல்ல வளைஞ்சு காட்டும்.

அடுத்து மரை. இங்கதான் என் சொந்த ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்குங்க. இரும்பைக் கவ்விப் பிடிக்கற பெஞ்ச் வைஸுக்குள்ள இருக்கற தண்டைப் பார்த்திருப்பீங்க, மரை சதுரமா இல்லைன்னா தலை தட்டின கோபுரம் மாதிரி இருக்கும், பாரம் இழுக்கற வேலைக்கு அதுதான் சரி. மலிவு கம்ப்ரஸர்ல சாதா போல்ட்டுல இருக்கற ஊசி மரையைத்தான் வெட்டி வெச்சிருக்காங்க. அது தாங்காதுன்னு இல்லை, ஆனா கொக்கி தண்டுக்கு நேரா இழுக்கறதில்லை, ஒரு பக்கம் தள்ளி இழுக்குது, அதனால தண்டு லேசா வளையும், வளைஞ்ச தண்டுல பாரத்தோட நட்டு சுத்தும்போது ஊசி மரை சீக்கிரம் கடிச்சுக்கும். 2 மில்லி பிட்ச்சுனா, அதாவது ஒரு சுத்துக்கு 2 மில்லி நகரும்னா, 10 சென்டி அமுக்க 50 சுத்து, ரெண்டு தண்டுக்கு 100, திரும்ப இறக்க இன்னொரு 100. கை வலிக்குதுன்னு ஆளுங்க நட்டை வேகமா சுத்தற இம்பேக்ட் கன் மெஷினைப் போட்டு டர்ர்ருனு விடறாங்க, கிரீஸும் போடறதில்லை, மரை சூடாகி ஜாம் ஆயிடுது, அதுவும் ஸ்பிரிங் முழுசா அமுங்கி நிக்கற நேரத்துல. புலி வாலைப் பிடிச்ச கதைதான், மேல போகவும் முடியாது இறக்கவும் முடியாது. கையால ராட்செட்டுதான், கிரீஸ் தாராளமா, இந்தப் பக்கம் ரெண்டு சுத்து அந்தப் பக்கம் ரெண்டு சுத்து, நடுநடுவுல நிறுத்தி கொக்கி நகர்ந்திருக்கா, ஸ்பிரிங் நேரா இருக்கான்னு பாக்கணும். தண்டோட தலைக்குக் கீழ சின்னதா ஒரு பேரிங் வெச்ச மாடலும் வருது, சுத்தறதுக்கு லேசா இருக்கும், கிடைச்சா அதை வாங்குங்க.

இன்னும் சிலர் ஹார்டுவேர் கடைல ஃபால்ஸ் சீலிங் தொங்கவிடற மரைத்தண்டை வாங்கி, கிரில் பட்டறைல கொக்கியை வெல்டு வெச்சு சொந்தமா செஞ்சுக்கறாங்க. கயித்தைக் கட்டி ஸ்பிரிங் மேல ஏறி நின்னு நட்டு போடறதையும் பார்த்திருக்கேன். ஊர்ல நாலு பேர் அப்படித்தான் செய்யறாங்க, ஒண்ணும் ஆகலைம்பாங்க. ஆனவங்க வந்து சொல்ல மாட்டாங்கல்ல.

கொக்கி வகையை விட நல்லது கூண்டு மாதிரி இருக்கற வகை. ஸ்பிரிங்கோட சுருளை வளைஞ்ச தட்டு மேலயும் கீழயும் அணைச்சுப் பிடிக்கும், நாலு புள்ளியில தொத்தறதுக்குப் பதிலா வளைவு பூராவும் உக்காரும், வழுக்க இடமே கம்மி. விலை பல மடங்கு. வருஷத்துக்கு ஒரு தடவைகூட தேவைப்படாத டூலுக்கு அவ்வளவு போடணுமான்னு கேட்டா, போட வேண்டாம்னுதான் நான் சொல்வேன். வீட்டுலயே ஸ்ட்ரட்டை முழுசா கழட்டுங்க, ஜாக்கி மட்டும் நம்பாம ஸ்டாண்டு குடுத்து, பிரேக் ஆயில் போற ஹோஸை ஸ்ட்ரட்டுல பிடிச்சிருக்கற இடத்துல இருந்து மட்டும் விடுவிச்சு, கீழ ரெண்டு போல்ட்டு, மேல பாடில பிடிச்சிருக்கற நட்டு, அவ்வளவுதான் வேலை. ஸ்ட்ரட்டைத் துணியில சுத்தி, ஸ்பிரிங் அமுக்கறதுக்குன்னே மெஷின் வெச்சிருக்கற பட்டறைக்குக் கொண்டு போனா அமுக்கி, ஷாக்கை மாத்திக் குடுப்பாங்க. எங்க ஏரியாவுல ஒரு ஸ்ட்ரட்டுக்கு 200 ரூபா வாங்கினாங்க, கால் மணி நேரம், மெஷினுக்கு வெளிய நின்னு வேடிக்கை பார்த்தோம். முக்கால்வாசி கூலி மிச்சம், ஆபத்தான அந்தக் கால்வாசியை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுட்டோம், அவ்வளவுதான்.

ஆனா பானட்டைத் திறந்து மேல் நட்டைக் கழட்டும்போது ஜாக்கிரதை. வண்டிக்கு வண்டி மாறும். சிலதுல சுத்தி இருக்கற ரெண்டு மூணு நட்டுதான் பாடியைப் பிடிக்கறது, நடுவுல இருக்கற பெரிய நட்டு ஸ்பிரிங்கைப் பிடிக்கறது, அதைத் தொடவே கூடாது. சிலதுல நடுவுலயே மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு நட்டு. உங்க வண்டிக்கு எதுன்னு உறுதியா தெரியாம ஸ்பானரை வைக்காதீங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், பின் ஷாக்குக்கும் சேர்த்துதான் கம்ப்ரஸர் வாங்கினேன்னு மாப்பிள்ளை சொன்னார். பல சின்ன கார்ல பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஷாக் மட்டும் மாத்தறதுக்கு கம்ப்ரஸரே வேண்டாம், ஸ்பிரிங்கை எடுக்கணும்னாலும் ஆக்சிலுக்கு ஜாக்கி குடுத்து ஷாக்கைக் கழட்டி மெதுவா இறக்கினா தானா தளர்ந்துரும். அதைக்கூட அந்தப் பக்கத்துல எழுதலை நீங்க.

உங்ககிட்ட கேக்கறது ரெண்டே ரெண்டு. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல, அதே சைஸு எழுத்துல, அந்த ஒத்தை வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க, மூலையில பொடி எழுத்துல வேண்டாம். அப்புறம் இந்த டூலை விக்கற கடைக்காரங்களும் ஆன்லைன்காரங்களும் டப்பாக்குள்ள தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சு வைக்கட்டும், எத்தனை மில்லி கம்பிக்கு, ஒரு தண்டுக்கு எத்தனை கிலோ, எங்க மாட்டணும்னு படத்தோட. மிக்ஸி வாங்கினாலே புக்கு குடுக்கறாங்க.

அந்த 1,200 ரூபா கம்ப்ரஸரைத் திருப்பி அனுப்பலாம்னு மாப்பிள்ளை சொன்னார், அது அப்படியே வேற யார் வீட்டுக்காவது போயிரும்னு நான் விடலை. கொக்கி நாலு ஜோடியையும் ஆக்சா பிளேடு போட்டு அறுத்து பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டாச்சு. வார்ப்புதான், அறுத்த இடம் பூராவும் பொத்தல்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு டர்னர் ஒருத்தர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.