நீ கட்டும் வரியும் நான் தின்ற உப்புமாவும்

போளூர்
12-10-2025

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலாம். அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதைப் பற்றிப் போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

"ஊர் உலகத்துக்கெல்லாம் சோறு போட எங்க வரிப்பணம்தான் கிடைச்சுதா?" என்றாய். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே குடியுரிமை வாங்கிவிட்டாய், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், நீ கணக்குக் கேட்காமல் யார் கேட்பது? ஆனால் எவ்வளவு போனது என்று தெரிந்துகொண்டு கேள். அமெரிக்க மத்திய அரசு நூறு டாலர் செலவழித்தால் அதில் வெளிநாட்டு உதவி ஏறக்குறைய ஒரு டாலர். அங்கே கருத்துக்கணிப்பில் ஜனங்களைக் கேட்டால் கால்வாசி போகிறது என்கிறார்களாம். உன் பேச்சும் அந்தக் கால்வாசிப் பேச்சாகத்தான் இருந்தது.

எனக்கென்ன இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பாய். அந்தச் சோற்றைத் தின்றவள் நான். காமராஜர் கொண்டுவந்த பள்ளி மதிய உணவுக்கு 1961-லிருந்து கேர் என்ற தொண்டு அமைப்பு மூலமாக அமெரிக்காவிலிருந்து பொருள்கள் வந்தன. மக்காச்சோள ரவையில் கிண்டிய மஞ்சள் உப்புமா ஞாபகம் இருக்கிறது. சூட்டோடு தின்றால் தேவாமிர்தம், ஆறினால் தட்டிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டும். பால் பவுடரை வெந்நீரில் கரைத்து ஊற்றுவார்கள். சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாக மிதக்கும், அந்தக் கட்டிக்குத்தான் எங்களுக்குள் சண்டை. மூட்டையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் இருக்கும். காலிச் சாக்குக்கு ஆயாக்களிடம் பெரிய போட்டி.

இதை வைத்து அமெரிக்காவைப் புண்ணியவான் ஆக்க வரவில்லை. 1954-ல் பி.எல். 480 என்று வெளிநாடுகளுக்கு உணவு கொடுக்கிற சட்டம் போட்டதே முக்கியமாக அவர்கள் விவசாயிகளிடம் மிஞ்சிக் கிடந்த தானியத்துக்கு வழி பண்ணத்தான். 1965, 66 இரண்டு வருஷமும் இங்கே மழை பொய்த்தபோது, வியட்நாம் போரை நாம் குறை சொன்னது ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. மொத்தமாக ஒப்பந்தம் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கோதுமையை விட்டார். கப்பலில் இறங்குவது நேராக வாய்க்குப் போகிற நிலைமை. கையேந்தியவனுக்குத்தான் தெரியும் அந்த அவமானம்.

"நிறுத்தினால்தானே சொந்தக் காலில் நிற்பார்கள், இந்தியா நிற்கவில்லையா?" என்றும் கேட்டாய் இல்லையா? அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தியா நின்ற கதை அப்படியில்லை, செந்தில். அப்போது மத்திய விவசாய மந்திரி நம் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய மந்திரியைச் சந்தித்து, விளைச்சலைப் பெருக்க நாங்கள் இன்னின்ன செய்கிறோம் என்று உடன்பாடு போட்டார். அடுத்த வருஷம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வாங்கினார்கள். அந்த விதையை உருவாக்கிய நார்மன் போர்லாக் யார்? அமெரிக்கர். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது கப்பல் வரவும் செய்தது. 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி, பெரும்பகுதி உன் ஊரிலிருந்துதான். ஜான்சன் இழுத்தடித்தார், மிரட்டினார், ஆனால் அடியோடு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் விதை விளைந்து வருவதற்குள் எத்தனை வீட்டில் எழவு விழுந்திருக்கும்?

இப்போது நடந்தது அப்படியா? 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவியேற்ற அன்றே 90 நாளைக்கு வெளிநாட்டு உதவியை நிறுத்திவை என்று உத்தரவு. பிப்ரவரி பிறந்ததும், வார இறுதியில் யு.எஸ்.எய்டை, அதாவது அந்த உதவியைக் கொடுத்துவந்த அரசு நிறுவனத்தை, மரம் அரைக்கிற இயந்திரத்தில் போட்டோம் என்று, செலவு குறைக்க டிரம்ப் அமர்த்திய எலான் மஸ்க் பெருமையாக எழுதினார். ஜூலை 1-ஆம் தேதியோடு கதை முடிந்தது. நான் வேலை பார்த்த காலத்தில், பிள்ளைகள் குறைந்துபோன ஓராசிரியர் பள்ளியை மூடுவதென்றாலும் டி.சி. எழுதிக் கொடுத்து, பக்கத்து ஊரில் சேர்த்துவிட்டுத்தான் பூட்டுப் போடுவோம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. சூடானில் ஜனங்களே நடத்திவந்த கஞ்சித் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் அணைந்தன. துபாய்க் கிடங்கில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்கென்று வாங்கி வைத்த சத்து பிஸ்கட் சுமார் 500 டன், தேதி முடிகிறவரை கிடந்து, எரிக்கத்தான் ஆயிற்று. வாங்கின பண்டம், செலவழித்த பணம். உன் வரிப்பணமும் அதில் எரிந்திருக்கிறது. அதற்கு உனக்குக் கோபம் வரவில்லையே.

நீ இருக்கிற ஜார்ஜியா மாநிலத்து விஷயத்தையே எடுத்துக்கொள். அட்லாண்டாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் காரில் போனால் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மானா என்ற தொழிற்சாலையில் வேர்க்கடலையை அரைத்து, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் எல்லாம் சேர்த்து ஒரு விழுது செய்கிறார்கள். 92 கிராம் பாக்கெட். சமைக்க வேண்டாம், தண்ணீர் வேண்டாம். எலும்பும் தோலுமான குழந்தை ஆறு எட்டு வாரத்தில் அதைச் சப்பியே தேறிவிடும். கடலை உங்கள் ஊர் விவசாயி விளைவித்தது, கூலி உங்கள் ஊர் ஜனங்களுக்கு. பிப்ரவரி கடைசியில் அந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்து, சில நாளிலேயே ரத்தை ரத்து செய்தார்கள். எதை வெட்டுகிறோம் என்று படித்துப் பார்க்காமலே வெட்டியிருக்கிறார்கள். மல்லாட்டை விளைகிற ஊரிலிருந்து போய், கடலை விளைகிற ஊரிலேயே குடியிருக்கிறாய், இது உன் கண்ணில் படவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

உதவியில் வீண்செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆலோசகர், அறிக்கை, விமான டிக்கெட் என்று பாதி வழியிலேயே கரைகிற பணம் நிறைய. அதைக் குறைக்கட்டும். தட்டில் விழுவதில் கை வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2026 நவம்பரில் உங்கள் செனட் இடத்துக்குத் தேர்தல் வருகிறது. யாருக்குப் போடு என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்தக் கடலை விழுதைப் பற்றி ஒரு வார்த்தை கேள், போதும். வரி, சுங்கம் பற்றி அப்பா தனியாக எழுதுவார். அது எட்டுப் பக்கம் வரும், ஜாக்கிரதை.

அப்புறம், தீபாவளிக்கு அதிரசம் சுட்டு அனுப்பலாம் என்று பார்த்தால், 2025 ஆகஸ்ட் கடைசியில் இங்கே தபாலில் அமெரிக்காவுக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் புது சுங்க விதிகளால் வந்த வினை. இந்தக் கடிதத்தையும் உன் தங்கைதான் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடப்போகிறாள். அதிரசத்துக்கு என்ன வழி என்று உன் அரசாங்கத்தையே கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா