ஸ்கீ அகலம் மட்டும் போதாது சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். நான் குன்னூர்க்காரன், நம்ம ஊர்ல உறைபனி தான் விழும், பனியில சறுக்கணும்னா காஷ்மீர்ல இருக்கிற குல்மார்க் போகணும். ஞாயிறு மலர்ல அகலமான ஸ்கீ (பனியில சறுக்க காலுல மாட்டுற நீளப் பலகை) இருந்தா எந்தச் சரிவுலயும் இறங்கலாம்னு போட்டிருந்தீங்க, பாதி தான் சரி. காலுக்கு அடியில அகலம் 110 மில்லிமீட்டர் இருந்தா புதுப்பனியில மிதக்கும், ஆனா 3,900 மீட்டருக்கு மேல அங்க அஃபர்வட் மலையில கோண்டோலா (கேபிள் கார்) இறக்கிவிடுற இடத்துல, பகல்ல உருகி ராத்திரி இறுகின பனியில வேகமா வந்தா லேசான ஸ்கீயோட முனை படபடன்னு அடிக்குது, தொடையே நடுங்கிடுச்சு. உள்ள டைட்டனல்ங்கிற அலுமினியக் கலவைத் தகடு வச்ச கனமான ஜோடி மாத்துனேன், பல்சக்கரத்துல மாட்டின நம்ம மலை ரயில் மாதிரி பிடிச்சு வந்துச்சு. மரங்களுக்கு நடுவுல திருப்புறதுக்குள்ள உயிர் போச்சுங்கிறது வேற கதை.

வாடகைக்குக் குடுத்தவர் பைண்டிங்க (பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற கொக்கி) என் பூட்ஸுக்கும் எடைக்கும் செட் பண்ணவே இல்ல, விழுந்தப்போ கழலல, முட்டி மூணு வாரம் வீங்கிக் கெடந்துச்சு. அதையும் ரெண்டு வரி எழுதுங்க சார்.

- ஒரு வாசகர், குன்னூர்