மங்கலாய்ப் போன பெண்கள் பந்தல்

மண்டபம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் சின்ன ஸ்டுடியோவுக்கு என்னென்ன பெட்டி வாங்கலாம் என்று கேட்ட கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆடி மாதம், கல்யாண வீடியோ வேலை ஒன்றும் இல்லை. கச்சான் காற்று ராப்பகலாக அடிக்கிறது. தென்கடல் ஆண்கடல் என்று சும்மாவா சொன்னார்கள், வீட்டுக் கதவு நிற்கமாட்டேன் என்கிறது. வெறுமனே உட்கார்ந்திருந்த இந்த நாளில் நான் கண்டுபிடித்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு உன் கேள்விக்கு வருகிறேன்.

1994இல் பெரியபட்டினம் நிக்காஹ் ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் பந்தலில் மூன்று டிவி வைத்து, கேமராவிலிருந்து நேராகப் படம் காட்டினோம். மூன்றிலும் படம் மங்கல். நடுவில் வேறு சாய்ந்து சாய்ந்து ஓடியது. பெண்வீட்டார் சத்தம் போட்டதும் நான் உன் பக்கம் திரும்பி, சன்கன் லைட்டைப் பிடிக்கக்கூடத் தெரியாதவன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். கூலியில் ஐம்பது ரூபாயும் பிடித்தேன்.

தப்பு உன் லைட்டில் இல்லை மாப்பிள்ளை. என் வயரில்.

போன வாரம் ஒருவர் பழைய கேசட் கொண்டுவந்தார். கேசட் ஓட்டும் வி.சி.ஆரில் போட்டு, கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் சேர்த்துக் கொடுக்க, அன்று பந்தலில் வயரைப் பிரிக்கப் போட்ட அதே பித்தளை T பின்னை டிராயரிலிருந்து எடுத்துச் சொருகினேன். படம் மங்கியது. கம்ப்யூட்டர் பக்கத்து வயரை உருவினால் டிவி பளிச்சென்று வருகிறது. சொருகினால் மறுபடி மங்கல். நாலு தரம் செய்து பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது.

வீடியோ சிக்னல் மொத்தமே 1 வோல்ட். அனுப்பும் பக்கம் 75 ஓம் தடை, வாங்கும் பக்கம் 75 ஓம் தடை என்று அளந்து வைத்த கணக்கு அது. T போட்டு இரண்டு டிவிக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் இரண்டு பங்குதான் போய்ச் சேரும். மூன்று டிவி என்றால் சரிபாதி. அந்த 1 வோல்ட்டில் 0.3 வோல்ட் படத்தை நிறுத்திப் பிடிக்கும் சிங்க். அதுவும் பாதியானால் படம் சாயாமல் என்ன செய்யும்?

இதில் நமக்குக் கண்ணெதிரே இரண்டு தடயம் இருந்தது. கேமராவுக்குள் பதிவான கேசட்டில் படம் அருமையாக இருந்தது. லைட் சரியில்லையென்றால் அதுவும்தானே இருண்டிருக்கும்? இன்னொன்று, சத்தத்தையும் அதே மாதிரி மூன்றாகப் பிரித்தோம், அது குறையவே இல்லை. ஆடியோ வாங்கும் பக்கம் ஆயிரக்கணக்கான ஓம், அதனால் பிரித்தாலும் தெரியாது. சத்தம் நன்றாக வந்ததால் வயர் மேல் சந்தேகமே வரவில்லை. நாம் வளர்ந்த விதம் அப்படி. 1982இல் இலங்கை டிவி ரூபவாஹினி வந்த நாளிலிருந்து, படம் மங்கினால் மொட்டைமாடிக்கு ஓடி ஆண்டெனாவைத் திருப்பியே பழகிவிட்டோம்.

சரி, உன் கேள்வி. சின்ன ஸ்டுடியோவுக்கு என்னென்ன பெட்டி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பிரிக்க வேண்டுமானால் T வேண்டாம், டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப் வாங்கு. ஒன்று உள்ளே, நாலு வெளியே, நாலுக்கும் முழு 1 வோல்ட். பழைய ஸ்டுடியோ மானிட்டர் கிடைத்தால் இன்னும் சுலபம். பின்னால் வயர் சொருகி முறுக்கும் பி.என்.சி. துளை இரண்டு இருக்கும், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டே போகலாம். கடைசி மானிட்டரில் மட்டும் 75 ஓம் சுவிட்சைப் போடு.

பட்டன் அமுக்கி ஒரு வயரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சாதாரண செலக்டர், எந்த கேசட் என்று பார்த்துக்கொள்ளத்தான் உதவும். ஓடுகிற நிகழ்ச்சியில் கேமரா மாற்ற அதைத் தொடாதே. இரண்டு கேமராவின் சிங்கும் ஒத்துப்போகாது, மாற்றும்போதெல்லாம் படம் குதிக்கும். கேமரா மாற்ற நாம் வைத்திருந்த பழைய எம்.எக்ஸ். 50 மிக்ஸர் ஒரு பிரேமை, அதாவது ஒரு முழுப் படத்தை, நினைவில் பிடித்து, ஒத்துப்போகச் செய்துதான் வெளியே விடும். எங்காவது கண்ணில் பட்டால் விடாதே.

பழைய மஞ்சள் பின் ஏ.வி.யிலிருந்து புது டிவியின் எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் மலிவுப் பெட்டியை நானும் வாங்கி ஏமாந்தேன். பழைய 4:3 அளவுப் படத்தை அகலத்துக்கு இழுத்துவிடுகிறது, கல்யாண மாப்பிள்ளை முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. கேசட்டின் ஆட்டத்தையும் அது தாங்காது, நடுநடுவே நீலத்திரை காட்டும். நடுவில் ஒரு பழைய டி.வி.டி. ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக விட்டுப் பார், பெரும்பாலும் படம் நின்றுவிடும். நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ பின் உள்ள வி.சி.ஆர். கிடைத்தால் இன்னும் நல்லது, படம் கொஞ்சம் தெளிவாக வரும். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் கறுப்பு வெள்ளையாக ஓடினால் பயப்படாதே, அது என்.டி.எஸ்.சி. என்ற வண்ண முறை, நம்முடையது பால் (PAL) என்ற வேறு முறை.

வி.சி.ஆரைப் பத்திரமாக வைத்துக்கொள். கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பான் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இங்கே உப்புக் காற்றில் மஞ்சள் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன். கோயம்புத்தூரில் உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த ஐம்பது ரூபாய் கணக்கில் நிற்கிறது. மணியார்டர் அனுப்பமாட்டேன், நேரில் வந்து வாங்கிக்கொள். வரும்போது காந்திபுரத்தில் நல்ல 75 ஓம் கேபிள் இருபது மீட்டர் வாங்கி வா, காசு தந்துவிடுகிறேன். ஆடி முடிந்தபின் வா, காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்.

உன் பழைய கூட்டாளி