தேரிமேட்டுக் கோயிலின் ஞாயிறு மணி: ஓர் இளம் குருவானவருக்குக் கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயரவர்களுக்கு,

ஸ்தோத்திரம். பெங்களூர் மில்லர்ஸ் சாலையிலுள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியில் நீங்கள் படித்த காலத்தில், ஞாயிறுதோறும் எங்கள் தமிழ்ச் சபைக்குப் பயிற்சி ஊழியத்துக்கு வருவீர்கள். ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மாலை வாலிபர் கூட்டத்துக்குப் புறப்படும்வரை கூடத்தில் அமர்ந்து பிரசங்கக் குறிப்பு எழுதுவீர்கள். அன்று உங்களைத் ‘தம்பி’ என்றே அழைத்தேன். குருப்பட்டம் பெற்று, பல ஊர்ச் சபைகள் அடங்கிய ஒரு சேகரத்தின் பொறுப்பில் இருப்பவரை இனி அப்படி அழைப்பது முறையன்று என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான்.

சென்ற மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் சேகரத்தின் ஐந்து ஊர்களில் கடைசியான, செம்மணல் தேரியின் மேட்டிலுள்ள ஊரில், பதினான்கு வீடுகளே மிஞ்சியிருக்கும் அந்தச் சிறு கோயிலில், ஞாயிறு ஆராதனைக்குப் பதினொரு பேருக்கு மேல் வருவதில்லை என்று வருந்தியிருந்தீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு முதல் அங்கே ஆராதனையை நிறுத்திவிட்டு, வேன் வைத்து அவர்களைத் தலைமைக் கோயிலுக்கு அழைத்துவரவும், அப்படி மிச்சமாகும் நேரத்தை மருத்துவ முகாம், மாலை வகுப்பு போன்ற சமூகப் பணிகளுக்குச் செலவிடவும் எண்ணுவதாகச் சொல்லி, என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். அந்த ஊரிலிருந்து வந்து லிங்கராஜபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் வாழும் குடும்பங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்பதால், உங்கள் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்து, எல்லாரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன். அந்த ஆராதனையை நிறுத்தாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான் குருவானவருக்குத் துணையாகச் சபையை நடத்தும் உபதேசியார் வீட்டுப் பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், 2023 டிசம்பர் 3-ஆம் தேதி, ஆகமனத்தின் முதல் ஞாயிறு தொடங்கி, மறு ஆண்டு நவம்பர் கடைசிவரை, திருச்சபை ஆண்டு ஒன்று முழுவதும் உங்கள் சேகரத்திலேயே தங்கியிருந்தேன். கணக்கு எழுதினேன், வேதபாடம் வாசித்தேன், குருவானவர் வர இயலாத நாள்களில் ஆராதனையும் நடத்தினேன். எனவே, நான் சொல்லப்போவது அங்கே கண்டவற்றையே.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 17. காலை ஆராதனையின்போதே மழை பிடித்துவிட்டது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனதையும் நாடே அறியும். நம் சேகரத்தில் வாய்க்கால் கரையோரம் தாழ்ந்து கிடக்கும் இரண்டு ஊர்களிலும் வெள்ளம் புகுந்தது. தேரிமேட்டில் மட்டும் செம்மணல் அத்தனை நீரையும் குடித்துவிட்டு அப்படியே கிடந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் ஈரத் துணியோடும் பிள்ளைகளோடும் மேட்டை நோக்கி ஏறி வந்தவர்களுக்கு அந்தச் சிறு கோயில் திறந்துவிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்த ஞாயிறும் கோயிலுக்கு வராதவர்கள், கிறிஸ்தவர்களும் அல்லர்.

அன்று நடந்ததில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். கோயில் சாவியை வைத்திருக்கும் அந்த அக்காளை உங்களுக்குத் தெரியும். மணி அடிப்பவரும் அவரே, வீடுதோறும் போய்க் கைப்பிடி அரிசி வாங்கிச் சேர்ப்பவரும் அவரே. உலை வைக்கும்முன் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைக்கும் வழக்கம் நகரத்துச் சபைகளில் பேச்சளவில்தான் இருக்கிறது. அங்கே அது இன்னும் பானையில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் கஞ்சி அந்த அரிசியில்தான் காய்ந்தது. வந்தவர்களைப் பார்த்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, “வாய்க்கால் முக்கு வீட்டுப் பாட்டி எங்கே?” என்பதுதான். ஒவ்வொரு வாரமும் அரிசிக்காக வாசல் வாசலாக நடந்தவருக்கு, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்பதெல்லாம் மனப்பாடம். அந்தப் பாட்டியைக் கட்டிலோடு தூக்கி வந்தது அந்தக் கேள்வியினால்தான். அரசு அதிகாரிகள் பட்டியல் கேட்டபோது, நான் எழுத அவர் சொன்னார். ஒரு வீடுகூட விடுபடவில்லை.

நான்காம் நாள் பெங்களூரிலிருந்து நாம் அனுப்பிய வேன் வந்தது. மூட்டை மூட்டையாக அரிசி. அனுப்பச் சொன்னவன் நானே. ஆனால், தாழ்ந்த ஊர்களில் சிலிண்டரும் அடுப்பும் சேற்றில் கிடந்தன; காய்ந்த விறகு ஒரு சுள்ளிகூட இல்லை. அரிசி இருந்தது, வேகவைக்க வழியில்லை. தேரிமேட்டில் கருப்பட்டி காய்ச்சும் விடிலிகளில், அடுத்த பருவத்துக்கென்று அடுக்கிவைத்திருந்த பனைமட்டைகளையும் பாளைகளையும் பனையேறிகள் சுமை சுமையாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தங்கள் பிழைப்புக்கான விறகை எரியக் கொடுத்தவர்கள் அந்தப் பதினொரு பேரும் அவர்களுடைய வீட்டாரும்தான். நீங்கள் தொடங்க விரும்பும் சமூகப் பணி அங்கே ஏற்கெனவே நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

அந்தக் கிறிஸ்துமஸில் கேரல் ரவுண்ட்ஸ் இல்லை, அலங்காரம் இல்லை. தை மாதம் வீடு கழுவுவதிலும் சான்றிதழ்களுக்கு அலைவதிலும் கழிந்தது.

பிறகு ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாள்களான லெந்து காலமும் பதநீர்ப் பருவமும் சேர்ந்து வந்தன. உங்கள் வேன் யோசனைக்கு நான் தடை சொல்வதற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பாளையைக் காலையும் மாலையும் சீவியாக வேண்டும். ஒருநாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரையும் காலம் தாழ்த்தாமல் காய்ச்ச வேண்டும். காலையில் ஏறி இறங்கிய மனிதர் குளித்து உடை மாற்றி வரும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான், என் தகப்பனார் காலத்திலிருந்தே அந்தக் கோயிலில் பத்தரை மணிக்கு, ஆராதனை தொடங்கும் மூன்றாம் மணி அடிக்கிறார்கள். தலைமைக் கோயிலில் உங்கள் ஆராதனை எட்டரைக்கு. நான்கு கிலோமீட்டரைக் கடக்க வேன் இருந்தாலும், அந்த நேரத்தில் அவர் மரத்தின்மேல் இருப்பார். வேனில் வருகிறவர்கள் முதியவர்களாகவும் பெண்களாகவுமே இருப்பார்கள். நாளடைவில் அவர்களும் குறைந்துபோவார்கள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் அங்கே நீங்கள் இருந்து பார்க்க வேண்டும். பெங்களூரில் நாம் சந்தையில் ஓலை வாங்குகிறோம். அங்கே மெலிந்த, மார்பில் தழும்பேறிய ஒரு பனையேறி, வடலி என்னும் இளம் பனைகளில் பழுது இல்லாத குருத்தாகப் பார்த்து வெட்டி, தோளில் சாத்திக் கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்தார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விரல் நுனிகள் மரமாகிப்போன அந்தக் கைகள் ஓலையைக் கிழித்து, மடித்து, சிலுவையாக்கி ஒவ்வொரு பிள்ளையிடமும் நீட்டியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அன்று செய்த சிலுவைகளில் சில, கோயிலுக்கு வராத வீடுகளின் நிலைக்கதவுகளிலும் செருகப்பட்டிருந்தன. பிள்ளைகள் கொடுத்தவை, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மருத்துவ முகாம் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த ஜூன் மாதம் வெளியூர்க் குழு ஒன்று வந்து முகாம் நடத்தியது. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தாம். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், பதினைந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், பதாகையின் முன் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பதினாறாம் நாள் மாத்திரைக்கு என்ன வழி என்று ஒரு முதியவர் காலி அட்டையோடு என்னிடம் வந்து நின்றார். அதன்பின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆராதனை முடிந்ததும் திண்ணையில் அமர்ந்து, ஐந்து ஊர்களிலும் அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் பெயர்களை எழுதி, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலரிடம் கொடுத்தார்கள். 2021 முதல் நடக்கும் அத்திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. விடுபட்டவர்களைச் சேர்த்துவிட ஆள்தான் வேண்டியிருந்தது. முகாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், மறுவாரமும் அதே திண்ணையில் சந்திக்கப்போகிறவர்களால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும்.

நம் பகுதியின் வரலாறும் இப்படித்தான் வந்திருக்கிறது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர், 1830-இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தி, விசுவாசத்தின் பொருட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தினார். அந்தக் குடியிருப்புகளில் ஜெபவீடும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. காலையில் ஜெபம் கேட்ட இடத்தில் பிள்ளைகள் மணலில் எழுத்து எழுதினார்கள். நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் நடத்திய பள்ளிகளையும் மருத்துவப் பணியையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் குறையின்றி இருப்பதாக எழுதினால் அது பொய்யாகும். சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின இரவு காய் நறுக்க யாரை அழைக்கிறார்கள், பாத்திரம் கழுவ மட்டும் யாரை அழைக்கிறார்கள் என்று பார்த்தால், ஒரு சேகரத்தின் உள்ளம் தெரிந்துவிடும். என் சிறு வயதில் எங்கள் கேரல் குழு ஒரு தெருமுனை வந்ததும் விளக்கைத் திருப்பிக்கொண்டு போகும். ஏன் என்று கேட்டவனை அதட்டினார்கள். அந்த வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. வெள்ளத்தின்போது அந்தத் தெருவினர் தேரிமேட்டுக் கோயிலுக்குள் ஒன்பது நாள் படுத்து எழுந்தார்கள். அடுத்து வந்த அசனத்தில், தலைமைக் கோயிலில் முணுமுணுப்பு எழுந்தபோதும், தேரிமேட்டுப் பெண்கள் அத்தெருப் பெண்களைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அரிவாள்மணைகளின் முன் உட்காரவைத்தார்கள். உங்கள் முன்னவர் எத்தனை பிரசங்கம் செய்தும் நடக்காதது அது. அந்தப் பெண்களிடமிருந்து அவர்கள் கோயிலை எடுத்துவிட்டால், இப்படிப்பட்ட காரியங்களுக்கு அவர்கள் எங்கிருந்து துணிவு பெறுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தில் ஒரு விதவைத் தாயார் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த இரண்டு முட்டைகளைப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்து, அவருக்கே திருப்பிக் கொடுத்தார். தாயார் அவற்றை மறுபடியும் காணிக்கையாக வைத்துவிட்டு, “இது நான் கொடுத்தாச்சு ஐயா” என்றார். மூன்றுமுறை ஏலம் போன அந்த முட்டைகளின் பணம், மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்விளக்கு வாங்கும் கணக்கில் என் கையாலேயே எழுதப்பட்டது. அந்த வகுப்பு இப்போது நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அதையே மீண்டும் நடத்துங்கள்; பலகையும் விளக்கும் உட்கோயில் அறையில் இருக்கும்.

உங்கள் களைப்பை நான் அறியாதவன் அல்லன். ஐந்து ஊர், ஒரு மோட்டார் சைக்கிள், வெயில், இடையில் கமிட்டிச் சண்டைகள். ஆகவே, எல்லா ஞாயிறும் நீங்களே தேரிமேட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. மாதம் ஒருமுறை திருவிருந்துக்குப் போங்கள். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியரும், ஓய்வுபெற்ற அந்த ஆசிரியையும் முறைவைத்துக் காலை ஜெபம் நடத்தட்டும். ஆசிரியையின் வேதவாசிப்பைக் கேட்டால் நீங்களே ஒருமுறை பின்வரிசையில் உட்கார விரும்புவீர்கள். வேனுக்கென்று ஒதுக்க நினைத்த பணத்தை மாலை வகுப்பு ஆசிரியருக்குக் கொடுங்கள். பற்றாக்குறையை இங்குள்ள எங்கள் எட்டுக் குடும்பங்கள் மாதாமாதம் ஏற்றுக்கொள்வதாக நேற்றிரவு பேசி முடிவெடுத்திருக்கிறோம். முதல் மாதப் பணம் சேகரக் கணக்கில் வந்துவிடும். இரசீதைச் சபையின் பெயரிலேயே போடுங்கள்.

நானும் என் மனைவியும் ஆகமனத்தின் இரண்டாம் வாரம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிறோம். தேரிமேட்டு மணியின் கயிறு நைந்து, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்ததைச் சென்ற ஆண்டே பார்த்தேன். சிட்டி மார்க்கெட்டில் நல்ல நூல்கயிறு கிடைக்கிறது. எத்தனை முழம் வேண்டும் என்று அக்காளிடம் அளக்கச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புள்ள,
ஓர் உபதேசியாரின் மகன்,
லிங்கராஜபுரம், பெங்களூரு