"ஒண்ணுமில்லப்பா, விடுங்க"

அன்பு மல்லி,

நலம்தானே? உன் குரல் பதிவுகளுக்கு இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். அப்பா விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

பாலன் மகள் கல்யாணம் பட்டர்வொர்த்தில் நடந்ததே, நீகூட டிமிக்கி கொடுத்தாயே (ராஜம் அக்கா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்), அன்றைக்குச் சாப்பிடும்போது எல்லாரும் எதற்கோ சிரித்தோம். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, நாங்கள் சிரித்து ஓய்கிற நேரத்தில் சிரித்தார். காரில் வரும்போது, "எதுக்கும்மா அப்படிச் சிரிச்சீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்றேன். பாலம் முடிகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார் மல்லி.

அந்த "ஒண்ணுமில்ல"வை எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறோம்! கோப்பிக் கடைக்குப் போவதை நிறுத்தினார், வயசாகிவிட்டது என்று விட்டோம். கூப்பிட்டால் திரும்புவதில்லை, வீம்பு என்றோம்.

காதைப் பரிசோதித்த பெண் பொறுமையாக விளக்கினாள். முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்தில் நின்றதில் உள்காதின் நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்துவிட்டன, அவை திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். ச, த, ப, க எல்லாம் நழுவிவிடும், படியா, கடியா, தடியா என்று பிடிபடாது. "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தது அப்படியே உண்மை! நாம் கத்தினால் அந்த எழுத்துகள் தெளிவதில்லை, நம் முகம்தான் கோபமாகத் தெரிகிறது.

இப்போது கருவி மாட்டியிருக்கிறார். முதல் வாரம் தட்டுச் சத்தம்கூடத் தாங்காமல் கழற்றி வைத்தார்; மூளை பழகச் சில வாரம் ஆகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நேற்று ராத்திரி உத்தரத்தை நிமிர்ந்து பார்த்து, "நம்ம வீட்ல பல்லி இருக்கா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா டிவியை அலறவிடுகிறார் என்று கேலி செய்தாயே, தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போடி. 2024இல் லான்செட் மருத்துவக் குழு, மறதி நோய்க்கு நாம் தடுக்கக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. காது கேளாமையும் அதில் ஒன்று. தங்கம் பெரியம்மாவுக்குப் புத்தி மங்கிவிட்டது என்று நாமெல்லாம் பேசினோமே, அவருக்குக் காதுதான் கேட்கவில்லையோ என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சரி, தைப்பூசத்துக்குக் கட்டாயம் வா. தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் பேச்சு வேண்டாம், வீட்டில் வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, போன தடவை சொன்ன பாட்டுப் போட்டிக் கதையை மறுபடி சொல். அன்றைக்கு அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையாம். கண்ணில் நீர் வரச் சிரித்தாரே, ஞாபகமிருக்கிறதா?

உன்,
சாந்தி