ஜிம் பிளங்கெட்டை இருக்கும்போதே கூப்பிடுங்கள்

அமெரிக்கக் கால்பந்தின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் கேன்டன் புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ரெய்டர்ஸ் அணிக்கு இரண்டு முறை சூப்பர் பவுல் என்னும் உச்சக் கோப்பையை வாங்கிக் கொடுத்த ஜிம் பிளங்கெட் யார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் மூத்தவர்கள் அவர் ஆட்டத்தை நேரிலேயே பார்த்தவர்கள். நான் அவர் பிறந்து வளர்ந்த சான் ஹோசேயில் குடியிருக்கும் ஒரு ரெய்டர்ஸ் ரசிகன், அவ்வளவுதான். தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் புரியும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு மட்டும் என்ன பதில் வந்துவிட்டது?

2025-ஆம் ஆண்டுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்தது நாலே பேர். அதில், ஓய்வு பெற்று நெடுங்காலமான பழைய ஆட்டக்காரர்கள் வரிசையிலிருந்து ஸ்டெர்லிங் ஷார்ப் ஒருவர் மட்டும். 2023-ல் இதே வரிசையிலிருந்து மூன்று பேர் உள்ளே போனார்கள். இடையில் விதியை மாற்றினீர்கள். மூன்று பழைய ஆட்டக்காரர்கள், ஒரு பயிற்சியாளர், ஒரு நிர்வாகி என்று ஐந்து பேரை ஒன்றாக நிறுத்தி, உறுப்பினருக்குத் தலா மூன்று ஓட்டு என்கிறீர்கள். ஓட்டு சமமாகப் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் 60 சதவீதம்தான் வரும். நீங்கள் கேட்பதோ 80. ஒருவரை உள்ளே விட வேண்டுமென்றால் இன்னொருவரைக் கைவிட வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். பிளங்கெட் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை இறுதிப் பட்டியலில் வையுங்கள்.

அவர் வந்த வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மெக்சிகோ வழி வந்த குடும்பம். அம்மாவுக்கு இளம் வயதிலேயே டைபாய்டு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. பெற்ற மகனின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அப்பாவுக்குக் கண்பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது. செய்தித்தாள் கடையில் நின்று அந்த மனிதர் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றினார். மகனும் பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, பழத்தோட்டம் என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போனான். ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த புதிதில் கழுத்தில் ஒரு கட்டி, அறுவை சிகிச்சை. திரும்பி வந்து மைதானத்தில் தடுமாறியவனைப் பயிற்சியாளர் தற்காப்புப் பக்கம் மாறிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன், பந்தெறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்காகத்தான் ஆடுவேன் என்று நின்றவன், தினம் 500 முதல் 1,000 முறை பந்தெறிந்து பழகினான். அவன் மாணவனாக இருக்கும்போதே, 1969-ல், அப்பா இறந்துவிட்டார். அடுத்த வருடம் கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்கான ஹைஸ்மன் கோப்பை கைக்கு வந்தபோது அதைத் தடவிப் பார்க்கக்கூட அவர் இல்லை.

ஸ்டான்ஃபோர்டின் கடைசி வருடத்தை விட்டுவிட்டு முன்கூட்டியே காசுக்கு ஆடப் போயிருக்கலாம். தன்னைப் பார்த்து வளரும் மெக்சிக அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது தவறான முன்மாதிரி ஆகிவிடும் என்று தங்கினார். வீட்டில் பணம் இருந்ததால் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

பிறகு 1971-ல், தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் ஆளாக நியூ இங்கிலாந்து அணி எடுத்துக்கொண்டது. அங்கே ஐந்து வருடம் அடிவாங்கி, தோளையும் முழங்காலையும் வெட்டித் தைத்து, சான் பிரான்சிஸ்கோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். 1978-ல் அவர்களும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ரெய்டர்ஸ் சேர்த்துக்கொண்டது, ஆனால் அந்த வருடம் ஒரு பந்துகூட எறியவில்லை. 1980-ல் அணியின் முதல் குவாட்டர்பேக் டான் பாஸ்டோரினியின் கால் முறிந்ததால்தான் உள்ளே வந்தார். அன்றைக்கு ஐந்து இன்டர்செப்ஷன், அதாவது அவர் எறிந்த பந்தை எதிரணி ஐந்து முறை பிடித்துக்கொண்டது. கதை முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. அதற்குப் பிந்தைய 15 ஆட்டங்களில் 13-ஐ வென்று, பிரிவில் முதலிடம் பெறாமல் வைல்ட் கார்டாக நுழைந்தும் சூப்பர் பவுலை வென்ற முதல் அணியாக ரெய்டர்ஸை ஆக்கினார். அந்த ஆட்டத்தில் அவர் எறிந்து சேர்த்தது 261 கஜம், எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் டச்டவுன் மூன்று, கூடவே ஆட்டநாயகன் விருது. 1984 ஜனவரியில் இரண்டாவது சூப்பர் பவுல், வாஷிங்டனுக்கு எதிராக 38-9.

நீங்கள் 72-72 என்பீர்கள். தெரியும். வெற்றியும் தோல்வியும் சரிபாதி. ஆனால் ரெய்டர்ஸ் சட்டையில் அவர் தொடங்கிய ஆட்டங்களை மட்டும் எண்ணினால் 38 வெற்றி, 19 தோல்வி. தோற்றால் வெளியேறும் பிளே ஆஃப் ஆட்டங்களில் 8-2. 164 டச்டவுனுக்கு 198 இன்டர்செப்ஷன் என்பது இன்னொரு குறை. குவாட்டர்பேக் ஜோ நேமத்துக்கு 173-க்கு 220, சூப்பர் பவுல் ஒன்றுதான். அவருக்கு 1985-லேயே சிலை வைத்துவிட்டீர்கள். நேமத்தை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு ஒரு தராசு, இவருக்கு ஒரு தராசா என்றுதான் கேட்கிறேன். (குவாட்டர்பேக் எலை மானிங்கும் இரண்டு சூப்பர் பவுலோடு வெளியே நிற்கிறார். அவருக்கு வயது இருக்கிறது, காத்திருக்கலாம்.)

இதைவிட ஒன்று இருக்கிறது. அந்த அணியின் பயிற்சியாளர் டாம் ஃப்ளோரஸ் உள்ளே இருக்கிறார். 84 வயதாகும்வரை காக்கவைத்து 2021-ல் விட்டீர்கள். உரிமையாளர் ஆல் டேவிஸ் உள்ளே. பந்தை உதைத்த ரே கை உள்ளே. இரண்டு சூப்பர் பவுல்களிலும் சேர்த்து மூன்று டச்டவுன் பிடித்த கிளிஃப் பிராஞ்ச் உள்ளே. மூன்றையும் எறிந்தவர் பிளங்கெட். பிடித்தவர் மேதை, எறிந்தவர் தற்செயல் என்றால், பந்து தானாகப் பறந்து போயிற்றா?

அந்த பிராஞ்ச் 2019-ல் காலமானார். நீங்கள் கூப்பிட்டது 2022-ல். ரெய்டர்ஸின் இன்னொரு குவாட்டர்பேக் கென் ஸ்டேபிளர் 2015 ஜூலையில் போனார். 2016-ல் உள்ளே எடுத்தீர்கள். சின்சினாட்டியின் கென் ரைலி 2020-ல் போனார், அவருக்கு 2023-ல். உயிரோடு இருந்த காலத்தில் கஞ்சி ஊற்றாதவன் திவசத்துக்கு வடை பாயசத்தோடு படையல் போட்ட கதைதான் இது. இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார், மேடையில் நேரமும் மிச்சம் என்பது ஒரு வசதிதான். குடும்பத்தார் வந்து சிலையின் திரையை விலக்குவார்கள், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், படம் நன்றாக வரும்.

மன்னிக்கவும், சூடாகிவிட்டேன். உங்கள் வேலை எளிதல்ல என்று எனக்குத் தெரியும். தகுதியுள்ளவர்கள் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆனால் பிளங்கெட்டுக்கு 75 வயது தாண்டிவிட்டது. உடம்பில் 18 அறுவை சிகிச்சைகள். முழங்கால்களும் தோளும் செயற்கை. நீங்கள் போர்த்தும் தங்கநிறக் கோட்டுக்குத் தோள் வேண்டும். உலோகத் தோள்மேலும் அது நன்றாகவே நிற்கும்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அடுத்த முறை கூடும்போது அவர் பெயரை இறுதிப் பட்டியலில் வையுங்கள். ஐந்து பேரை மோதவிடும் அந்த விதியைத் திரும்பப் பெற்று, முன்போல ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும், வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள். வேண்டாம் என்பதுதான் முடிவு என்றால், யார் என்ன காரணத்துக்காக எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்பதைப் பெயர் போட்டு வெளியிடுங்கள். அதைப் படிக்கும் உரிமையாவது அவருக்கு இருக்கிறது.

மரியாதையுடன்,
சான் ஹோசேயிலிருந்து ஒரு ரெய்டர்ஸ் ரசிகன்