‘பாம்பை வணங்கும் ஆப்பிரிக்கர்கள்’ என்று எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய செதுக்கோவியங்களை இணையத்தில் ஏற்றிவரும் ஐரோப்பிய நூலகங்கள், அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முந்நூறு ஆண்டுப் பழமையான செப்புத்தகட்டு ஓவியங்களை யாரும் இலவசமாகப் பார்க்கத் தந்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் ஓவியத்தின் கீழே நீங்கள் எழுதும் ஒற்றை வரி எனக்கு உறுத்துகிறது. ‘பாம்பை வணங்கும் ஆப்பிரிக்கர்கள்’ என்று அண்மையில் ஒரு தொகுப்பில் கண்டேன். எந்த ஊர், எந்தத் தெய்வம், யார் பார்த்தது என்ற எதுவும் அதில் இல்லை.

அந்த ஓவியம் காட்டுவது இன்றைய பெனின் நாட்டின் கடலோரத்தில் இருந்த ஹுவேடா அரசை. வீடா என்னும் துறைமுக நகரமும் சவி என்னும் தலைநகரும் அதைச் சேர்ந்தவை. அங்கு வணங்கப்பட்ட தெய்வத்தின் பெயர் டாங்பே. அதன் உருவாகப் போற்றப்பட்டது நஞ்சற்ற சிறிய மலைப்பாம்பு. (தமிழில் இதை ‘நாக வழிபாடு’ என்று பெயர்ப்பவர்களும் உண்டு, படமெடுக்கும் நாகத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.) பன்றியொன்று அத்தகைய பாம்பைத் தின்றுவிட்டதால் நாட்டுப் பன்றிகளையெல்லாம் கொல்ல மன்னர் ஆணையிட்டதாக டச்சு வணிகர் வில்லெம் போஸ்மான் 1704-இல் வெளியான தமது நூலில் எழுதியிருக்கிறார். அவருடைய கேலியைக் கழித்துப் பார்த்தாலும், டாங்பேக்கு அரசே காவலாக நின்றது புலப்படுகிறது.

உங்கள் தொகுப்புகளில் அடிக்கடி தென்படும் டாங்பே ஊர்வலக் காட்சி, 1725 ஏப்ரலில் நடந்த ஹுவேடா மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டியது. அதை நேரில் கண்ட தெ மார்ஷே, அடிமைக் கப்பலின் தலைவராக, மனிதரை விலைக்கு வாங்க அங்கே சென்றவர். அவருடைய நாட்குறிப்பை 1730-இல் பாரிசில் நூலாக்கிய லபா என்னும் துறவி மேற்கு ஆப்பிரிக்காவை மிதித்ததே இல்லை. பின்னர் வந்த பயணத் தொகுப்புகளுக்காக அந்தக் காட்சிகள் மறுபடியும் செதுக்கப்பட்டன. ஆகவே, துப்பாக்கி ஏந்தியோரும் காணிக்கை சுமக்கும் பெண்களும் நிரம்பிய அந்த வரிசையை நேர்ச்சான்றாக எடுத்துக்கொள்ளும் வாசகருக்கு, இந்தக் கைமாற்றங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

விழா நடந்து இரண்டே ஆண்டுகளில், 1727-இல், அண்டை அரசான தஹோமியின் மன்னர் அகாஜாவின் படை சவியைக் கைப்பற்றியது, பாம்புகளையும் கொன்றது. ஆயினும் வழிபாடு அழியவில்லை. இக்கரையோரத்து மக்கள் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஹெய்தியில் டம்பாலா என்னும் பாம்புத் தெய்வம் இன்றும் வணங்கப்படுகிறது. வீடாவிலோ, கத்தோலிக்கப் பேராலயத்திற்கு எதிரிலேயே மலைப்பாம்புக் கோயில் நிற்கிறது. 1760-இல் பிரெஞ்சு அறிஞர் சார்ல் தெ புரோஸ் ஆப்பிரிக்கச் சமயங்களைத் தொடக்கநிலை மனத்தின் வெளிப்பாடாகக் காட்ட முன்வைத்த முதன்மை எடுத்துக்காட்டுகளில் இதே பாம்பும் ஒன்று. உங்கள் ஒற்றை வரி இன்னும் அவருடைய கண்ணால்தான் பார்க்கிறது.

டாங்பே, ஹுவேடா, வீடா என்ற பெயர்களைத் தலைப்பிலேயே சேருங்கள். கண்டவர், எழுதியவர், செதுக்கியவர் ஆகிய மூவரையும் தனித்தனியே குறியுங்கள். செதுக்கியவரின் பெயர் தெரியாத இடத்தில், தெரியவில்லை என்றே எழுதலாம். வீடாவின் கோயிற் பூசகர்களிடமும் பெனின் வரலாற்றாய்வாளர்களிடமும் குறிப்புகளைக் காட்டித் திருத்தம் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுப்புகளின் தமிழ் வாசகர் ஒருவர்